பாகோவில் அரை மணி நேர ஓய்வு

ஞாயிற்றுக்கிழமை பசியாறிய தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நிர்மலாதேவி சாப்பாட்டு மேசையைத் துடைத்தாள். ஈரம் காய்ந்ததும் பழைய நாளிதழ் ஒன்றை விரித்து, அதன்மேல் ஐந்து லாக் புக்குகளை வரிசையாக வைத்தாள். ஐந்தும் செம்பனை எண்ணெய் ஏற்றும் டேங்கர் லோரி ஓட்டுநர்களுடையவை. ஒன்று அவள் கணவர் காளிதாஸுடையது. மற்ற நான்கும் அவரோடு ஒரே கம்பெனியில் ஓட்டுகிறவர்களுடையவை. எத்தனை மணிக்கு லோரியை எடுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தார்கள் என்று அன்றன்றைக்கு ஓட்டுநர் தன் கைப்பட எழுத வேண்டிய புத்தகம் அது. ஐந்திலும் இருந்தது ஒரே கையெழுத்து, நிர்மலாதேவியுடையது.

ஆறு வருடங்களுக்கு முன் கம்பெனி இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது, காளிதாஸ் அதைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு நாள் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாசின் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். சாலைப் பலகை என்றால் எந்த மொழியில் இருந்தாலும் படித்துவிடுவார். கட்டம் கட்டமாக எழுதச் சொன்னால் கை ஓடாது. மூன்றாம் நாள், “நான் சொல்றேன், நீ எழுதிடு நிர்மலா” என்று மேசைமேல் கொண்டுவந்து போட்டார்.

அவர் சொன்னதை அவள் அப்படியே எழுதினாள். திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்த வேலை இரவு பதினொன்றரைக்கு முடிந்திருந்தது. ஓய்வு என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினாள். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. மறுநாள் சாயங்காலமே சூப்பர்வைசர் காந்தன் புத்தகத்தோடு வீட்டு வாசலில் நின்றான். அவனும் ஒரு காலத்தில் லோரி ஓட்டியவன்தான். முதுகு போன பிறகு ஆபீசுக்கு மாறியவன்.

“அக்கா கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா இதை நான் ஆபீஸ்ல வெச்சா, அண்ணன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். பின்னட்டையைப் பாருங்க.”

பின்னட்டையில் மலாயில் விதிகள் அச்சிட்டிருந்தன. தொடர்ந்து நாலு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

“இப்படி ஓட்டினா ஒரு நாளைக்கு ரெண்டு ட்ரிப் போக முடியாதே” என்றாள் நிர்மலாதேவி.

“அது எல்லாருக்கும் தெரியும்லா, அக்கா. தெரியாத மாதிரி எழுதணும்.”

அவளுக்கு அது புது வேலையாகத் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினேழு வருடம் புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவள். அங்கே மணிக்கொரு முறை எடுக்க வேண்டிய அளவை, ஷிப்டு முடிகிற நேரத்தில் எட்டையும் சேர்த்து எழுதுவார்கள். ஒரே எண்ணை எட்டுத் தடவை எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை, கட்டத்தைக் காலியாக மட்டும் விடாதே. மணிக்கட்டு வீங்கி வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. துணி பத்தாத ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் போட்டு வெட்டுவதுபோல, காளிதாஸின் பத்தொன்பது மணி நேரத்தை எட்டு மணி நேரமாக வெட்டினாள். இரண்டாவது ட்ரிப்பை ஆபீசில் வேறு யார் பெயரிலோ ஏற்றிக்கொண்டார்கள். அது அவள் கவலை இல்லை.

கையெழுத்தைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். முதலில் முனுசாமி. அறுபதை நெருங்குகிறவர், சர்க்கரை வியாதிக்காரர். பிறகு ஹரிதாஸ்; முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், வாய் ஓயாதவன். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இருவர். ஒருவன் மீன் கொண்டுவருவான், ஒருவன் பருவத்தில் டுரியான் பழம் கொண்டுவந்து போடுவான். வேண்டாம் என்றால் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் முனுசாமியும் ஹரிதாஸும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காளிதாஸ் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார்.

“அக்கா, போன வாரம் பூரா எனக்கு மச்சாப்பு ரெஸ்ட் ஏரியாவுலயே தூக்கம் போட்டுட்டீங்க” என்றான் ஹரிதாஸ். “அங்க கொசு கடிக்குதுக்கா. இந்த வாரம் பாகோவுக்கு மாத்துங்க.”

“பாகோவுல உனக்கு மெத்தை விரிச்சு வெச்சிருக்காங்களா?”

“அங்க நாசி லெமாக் நல்லா இருக்கும். கனவுலயாச்சும் சாப்பிட்டுக்கறேன்.”

முனுசாமி சிரித்தார். “எனக்கு முக்கால் மணி போடும்மா. வயசாகுதில்ல.”

“போட்டாச்சுண்ணே. போன மாசத்திலேருந்தே உங்களுக்கு முக்கால்தான்.”

பொய்தான் என்றாலும் அவள் அதை ஏனோதானோ என்று எழுதியதில்லை. முனுசாமிக்கு ஒரு மணிக்குள் சாப்பாடு வைத்தாள். ஹரிதாஸுக்கு வெயில் ஏறிய பிறகு தூக்கம் வைத்தாள். மத்தியானத்தில்தான் அவனுக்குக் கண் சொருகும் என்று அவனே சொல்லியிருந்தான். இல்லாத ஓய்வையும் அவரவர் உடம்புக்குத் தக்கபடி பிரித்துக் கொடுத்தாள். அந்த நேரங்களை எழுதும்போது யாரோ நிஜமாகவே மரநிழலில் லோரியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வைத்து, காலை நீட்டிப் படுப்பதுபோல அவளுக்குத் தோன்றும். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிடும். அது எப்படிப்பட்ட லேசு என்று அவள் நின்று யோசித்ததில்லை.

காளிதாஸின் உடம்பு அவளுக்குத் தெரியும். வீட்டுக் காரில் எங்கே போனாலும் சிவப்பு விளக்கில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். “பச்சை விழுந்தா சொல்லு” என்பார். அவள் சொல்வாள். இதை அவர்கள் இரண்டு பேரும் ஒரு குறையாக எண்ணியதே இல்லை. மகள் ஒருமுறை பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பின்சீட்டிலிருந்து பார்த்துவிட்டு, “என்னப்பா இது?” என்று கேட்டதும்தான் இது எல்லாருடைய வீட்டிலும் நடப்பதில்லை என்று உறைத்தது.

எழுந்து போகும்போது ஹரிதாஸ் திரும்பி வந்தான்.

“அக்கா, புதன்கிழமை காலையில புக்கு எல்லாத்தையும் ஆபீஸ்ல வைக்கணுமாம். யாரோ செக் பண்ண வர்றாங்களாம். எனக்குச் செவ்வாய் வேலை முடிய ராத்திரி ஆயிடும். திங்கள், செவ்வாய் ரெண்டு நாளையும் சேர்த்தே போட்டுடுங்க. ரூட்டு தெரிஞ்சதுதானே? ஜாசின் மில்லு, பாசீர் கூடாங் போர்ட்டு, திரும்ப ஜாசின்.”

“நடக்காத நாளை எப்படிடா எழுதறது?”

“நடந்த நாளை மட்டும் நடந்த மாதிரியா எழுதறோம்?” என்றான் ஹரிதாஸ். முனுசாமி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலியில் கண் மூடியிருந்த காளிதாஸும் சிரித்தார்.

முன்பும் இரண்டொரு தடவை அப்படி எழுதியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், காலை ஏழு மணிக்கு ஹரிதாஸை ஜாசினிலிருந்து கிளப்பினாள். பாசீர் கூடாங்கில் எண்ணெயை இறக்கவைத்தாள். திரும்பும் வழியில், அவன் கேட்டபடியே, மூன்று பத்திலிருந்து மூன்று நாற்பது வரை பாகோவில் தூங்கவைத்தாள். ஐந்து ஐம்பதுக்கு ஜாசினில் லோரியை நிறுத்தி வேலையை முடித்தாள். அடியில் ஹரிதாஸ் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு, பாகோவுக்குச் சில மைல் தெற்கே, ஹரிதாஸின் காலி டேங்கர் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போய், தடுப்பை உடைத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்து வடிகாலில் விழுந்தது. வேறு யாருக்கும் அடியில்லை. ஹரிதாஸை வெளியே எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. வலது கால் மூன்று இடத்தில் முறிந்திருந்தது.

காளிதாஸ்தான் போன் செய்தார். “ஹரி விழுந்துட்டான்” என்று மட்டும் சொன்னார். நிர்மலாதேவி அடுப்பை அணைத்தாள். உயிரோடு இருக்கிறானா என்று கேட்டாள். இருக்கிறான் என்றார். போனை வைத்த பிறகுதான் கூடத்துக் கடிகாரம் கண்ணில் பட்டது. மூன்று இருபத்தைந்து. அவள் எழுதியபடி அவன் இப்போது பாகோவில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை காந்தன் வந்தான். காளிதாஸ் லோரியோடு ரோட்டில் இருந்தார். காந்தன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் இரண்டு புத்தகங்கள். ஒன்று ஹரிதாஸின் பழைய லாக் புக். விபத்து நடந்த இடத்துக்குப் போனபோது அவன் பையிலிருந்து காந்தன் எடுத்து வைத்துக்கொண்டது. மற்றது புத்தம் புதியது.

“அக்கா, பெரிய சிக்கலாயிடுச்சு. பாருங்க” என்று பழையதைப் பிரித்தான். “ரெண்டு நாப்பதுக்கு வடிகால்ல கிடந்தவன், மூணு பத்துக்குப் பாகோவுல தூங்கறான், அஞ்சு அம்பதுக்கு ஜாசின் வந்து சேர்றான். இதை யாராச்சும் பார்த்தா என்ன ஆகும்?”

நிர்மலாதேவி பார்த்தாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

“இந்த ஒரு மாசத்தையும் அப்படியே புது புக்குல எழுதிடுங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு நாப்பதோட நிறுத்திக்கங்க. அதுக்கு முன்னால பன்னெண்டரையிலேருந்து ஒரு மணி வரைக்கும் ரெஸ்ட் வந்துடணும். மச்சாப்புன்னு போடுங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து ரெண்டையும் வாங்கிக்கறேன்.”

“லோரியில ஜிபிஎஸ் இருக்குதே?”

“அந்த லோரியில மூணு மாசமா வேலை செய்யலக்கா. அதனாலதான் புக்கு முக்கியமாயிடுச்சு.”

“கையெழுத்து? ஹரி போடணுமே.”

“ஆஸ்பத்திரியில வாங்கிக்கறேன். கைக்கு ஒண்ணும் ஆகலையே.” சொல்லிவிட்டு அவனே தரையைப் பார்த்தான். “நானும் விரும்பியா செய்யறேன்? மேல கேக்கறாங்க. அஞ்சு பேரு புக்கும் உங்க எழுத்துதான்க்கா. ஒண்ணு மாட்டினா அஞ்சும் மாட்டும். அண்ணனையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

அவன் போன பிறகு புதுப் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தில் ஹரிதாஸின் பெயரையும் லோரி எண்ணையும் எழுதினாள். அதற்கு மேல் எழுதவில்லை. அன்றைக்கு அவன் நிஜமாக எத்தனை மணிக்குக் கிளம்பினான் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்பது மனசில் தைத்தது. வழக்கமாக அவர்கள் உண்மையைச் சொல்வார்கள், அவள் அதை மாற்றுவாள். இந்த ஒரு நாளின் உண்மையை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பழைய புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் எடுத்துப்போனாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹரிதாஸின் காலில் கம்பிகள் குத்தி நின்றன. முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தான்.

“வாங்கக்கா. ஆறு வருசமா நீங்க எழுதிக் குடுத்த ரெஸ்ட்டை எல்லாம் மொத்தமா எடுத்துக்கிட்டிருக்கேன்.”

நிர்மலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அவன் மனைவி ராகினிக்கும் வரவில்லை. ராகினி ஜாசினில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறவள். இத்தனை வருடத்தில் இரண்டு மூன்று கல்யாணங்களில் பார்த்துப் பேசியதோடு சரி.

“எப்படிடா ஆச்சு? முதல்லேருந்து சொல்லு” என்றாள் நிர்மலாதேவி, ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கும் அதே குரலில்.

பழக்க தோஷத்தில் அவனும் வரிசையாகச் சொன்னான். திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எடுத்தது. இரண்டு ட்ரிப். வீட்டுக்கு வந்தபோது ராத்திரி பதினொன்றரை. மறுபடியும் மூன்று மணிக்கு லோரியில் ஏறியாயிற்று. ஆறரைக்குப் பாசீர் கூடாங். அங்கே எண்ணெய் இறக்கப் பத்தரை வரைக்கும் வரிசை.

“நாலு மணி நேரம் வரிசையில நின்னியே, அப்ப தூங்கியிருக்கலாமே.”

“எங்கக்கா தூங்கறது? முன்னால இருக்கிற லோரி நகர்ந்தா நாமளும் நகரணும். ஒரு நிமிசம் கண்ணை மூடினா பின்னால இருக்கிறவன் பூந்துடுவான். அப்புறம் சாயங்காலம்தான்.” உதட்டை நக்கிக்கொண்டான். “மச்சாப்பு தாண்டினது தெரியும். அதுக்கப்புறம் எனக்கு எதுவும் தெரியலக்கா. சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்.”

“போன் பேசினீங்களா?” என்று கேட்டாள் ராகினி.

“போன் சட்டைப்பையில இருந்துச்சு. எதுக்குக் கேக்கற?”

ராகினி தன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, “வெளிய வாங்கக்கா” என்றாள். வார்டுக்கு வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து அதை நிர்மலாதேவியிடம் நீட்டினாள். கம்பெனியின் கடிதம். மலாயில் இருந்தது. நிர்மலாதேவி மெதுவாகப் படித்தாள். ஓட்டுநர் விதிகளின்படி போதிய ஓய்வு எடுத்திருப்பது அவரே எழுதிய லாக் புக்கில் பதிவாகியுள்ளது. ஆகவே அசதி காரணம் அல்ல. கைத்தொலைபேசியைப் பயன்படுத்தியதால் கவனம் சிதறியிருக்கலாம் என்று கம்பெனி சந்தேகிக்கிறது. விளக்கம் தரும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறார். போலீசுக்கும் ஒரு பிரதி.

“அவருக்கு இன்னும் காட்டல” என்றாள் ராகினி. “சொல்லுங்கக்கா, போதிய ஓய்வுன்னு எழுதியிருக்கே, அது யாரு எடுத்த ஓய்வு?”

நிர்மலாதேவி கடிதத்தின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள்.

“நான் உங்களைத் திட்ட வரல. உங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வந்து, அக்கா இன்னிக்கு நல்ல இடமா போட்டாங்கன்னு சிரிப்பாரு. நானும்தான் சிரிச்சேன். நீங்க எழுதின தூக்கத்துல பாதியை இவரு தூங்கியிருந்தா, இன்னிக்கு நாம இங்க உக்காந்திருக்க மாட்டோம். இப்ப அந்தத் தூக்கத்தையே காட்டி, நீதான் போன் பேசிக்கிட்டு ஓட்டினேங்கறாங்க. கால் போச்சு. மேல கேஸு வேற. வேலையிலிருந்து விரட்டறதுக்கு இதுவே காரணம்.”

நிர்மலாதேவி கடிதத்தை மறுபடியும் படித்தாள். இரண்டாவது பத்தியில் ஒரு வரி இருந்தது. முதல் தடவை கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. விபத்து நடந்த அன்று பகல் 12.30 முதல் 1.00 வரை மச்சாப்பில் ஓய்வெடுத்துள்ளார்.

மேலே தேதியைப் பார்த்தாள். வியாழக்கிழமை.

காந்தன் அவள் வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அந்த அரை மணி நேரம் இன்னும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதுப் புத்தகத்தில் செவ்வாய்க்கிழமைப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. அவள் நிச்சயம் எழுதிவிடுவாள் என்று நம்பி, அவள் எழுதப் போவதை அவளுக்கு முன்பே எழுதி, போலீசுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

இத்தனை வருடமாக, யாருக்கு எங்கே எவ்வளவு தூக்கம் என்று தன் மனசுபோலப் பிரித்துக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மீனையும் டுரியானையும் வாங்கிக்கொண்டு, ஏதோ நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அவரோட புக்கு எங்க இருக்குன்னு தெரியுமாக்கா?” என்றாள் ராகினி. “பையில இல்ல. காந்தன் அண்ணன்கிட்ட கேட்டா, லோரியிலேயே நசுங்கிப் போயிடுச்சுங்கறாரு.”

நிர்மலாதேவி கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்து, அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் ஒரு மலாய்க்காரப் பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முனுசாமியின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு வேறு யாரும் லோரியைக் கொடுக்க மாட்டார்கள். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு. காளிதாஸுக்கு ஐம்பத்தைந்து. லோரியைத் தவிர அவர் கை வேறு எதையும் பிடித்ததில்லை.

புத்தகத்தை எடுத்து ராகினியின் மடியில் வைத்தாள்.

“செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பாரு. முழு நாளும் எழுதியிருக்கும். விபத்துக்கு அப்புறமும் மூணு மணி நேரம் ஓட்டியிருப்பான்.”

ராகினி பார்த்தாள். புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் புத்தகத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“யாராச்சும் கேட்டா, நீங்கதான் எழுதினீங்கன்னு சொல்லுவீங்களாக்கா?”

“என் கையெழுத்துதானே. சொல்றேன்.”

“காளிதாஸ் அண்ணன்கிட்ட கேட்டுட்டீங்களா?”

“ஹரி சாப்பிட்டானா?” என்று கேட்டுக்கொண்டே நிர்மலாதேவி எழுந்தாள். கொண்டுபோயிருந்த ரச டப்பாவைக் கட்டிலருகே வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் காளிதாஸ் வந்தார். குளித்து, சாப்பிட்டு, சாய்வு நாற்காலியில் விழுந்தவர் மூன்றரைக்குத்தான் கண் விழித்தார். முனுசாமி போன் செய்து, இந்த வாரம் வரலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று நிர்மலாதேவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மேசைமேல் புதுப் புத்தகம் மட்டும் இருந்தது.

“காந்தன் அஞ்சு மணிக்கு வர்றானாம். எழுதிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தார் காளிதாஸ்.

“இல்ல.”

“அலாமாக், இன்னும் ஒண்ணரை மணி நேரம்தான் இருக்கு. பழசை எடு. நான் படிச்சுச் சொல்றேன், நீ எழுது.”

“பழசு இங்க இல்லைங்க. ராகினிகிட்ட குடுத்துட்டேன்.”

நிர்மலாதேவி தேநீரை ஆற்றினாள். அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“என்னைக் கேட்டியா?”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க.”

“சொல்லித்தான் இருப்பேன். போலீசு அதைப் பிரிச்சா முதல்ல யாரைக் கூப்பிடுவான்? உன்னைத்தான். அப்புறம் என்னை. அப்புறம் முனுசாமி அண்ணனை. இந்த வயசுல அந்த மனுசனை எங்க போய் நிக்கச் சொல்ற?”

பஸ்ஸில் வரும்போது ஒரு மணி நேரம் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

“ஹரிக்கு நடந்தது பாவம்தான்” என்றார் காளிதாஸ், குரலைத் தணித்து. “நான் என்ன இல்லேங்கறனா? நீ புக்கைக் குடுத்துட்டா அவனுக்குக் காலு வந்துடுமா?”

“வராது. போன் பேசிக்கிட்டே ஓட்டினான்னு எழுதி அனுப்பியிருக்காங்க. அந்தப் பேரு போகும்ல.” அவள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னாள். தேதியைச் சொன்னாள். மச்சாப்பையும் சொன்னாள். “நான் எழுதவே இல்லைங்க. எழுதறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க.”

காளிதாஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை நிர்மலாதேவி பார்த்தாள். அது எப்போது வந்தது என்று நினைவில்லை. புத்தகத்தின்படி இந்த மனிதர் ஆறு வருடமாக நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

“உங்களை ஒண்ணு கேக்கறேன். நேத்து எத்தனை மணி நேரம் ஓட்டினீங்க?”

“அதெல்லாம் யாரு பார்த்தா? நீதானே எழுதுவ.”

சொன்ன பிறகு அவருக்கே அது ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். கோப்பையை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

“இனிமே எழுத மாட்டேன். உங்களுக்கும் எழுத மாட்டேன், யாருக்கும் எழுத மாட்டேன்.”

“எழுத மாட்டேன்னா? வெறும் புக்கைக் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?”

“எனக்குத் தெரியல. அவங்க நாளைக்கு லோரிச் சாவியை வாங்கிட்டாங்கன்னா, அது வேற பேச்சு. என்மேல கோவப்படுங்க, பரவால்ல.” அவள் மேசையின் எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். “வாங்கலேன்னு வைங்க. விடியக்காலையில எடுக்கறீங்க. நாலு மணி நேரம் ஆயிடுது. காந்தன் போன் பண்ணி, எங்க இருக்கீங்கண்ணேன்னு கேக்கறான். நிறுத்துவீங்களா? நிறுத்தி, அரை மணி நேரம் நிஜமா தூங்குவீங்களா?”

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை அணைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரன். காந்தன் இல்லை.

“சொல்லுங்க” என்றாள்.

காளிதாஸ் எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். கொடியில் கிடந்த சட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்து வாசற்பக்கம் போனார்.